மாதிரிக்கு ஒரு பெயர்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கருங்கல்மலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு ஏழாம் இலக்க லயத்து வீட்டு வரிசையின் முன்னால் வந்திருந்தவர்கள்:

பொகவந்தலாவையிலிருந்து வீரம்மா. இறந்தவரின் தங்கை. தலைவிரிகோலம். கையில் பஸ்ஸில் நசுங்கிப்போன ஒரு மாலை.

மாயாண்டி. தோட்டக் கமிட்டித் தலைவர். மேற்பிரிவில் குடியிருப்பவர். குழி வெட்ட நான்கு பேரை நிறுத்திவிட்டு, எந்த இடம் என்று கேட்க வந்தார்.

தப்பு அடிப்பவர்கள் இருவர். யாரும் கூப்பிடாமல் வந்தவர்கள்.

லிந்துலையிலிருந்து ஒரு வேன். பன்னிரண்டு பேர். இறந்தவரோடு ஒரு காலத்தில் தேயிலை ஸ்டோர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களும் அவர்களுடைய மனைவிமாரும்.

பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி. யாருக்கு என்ன ஆனது என்று விளங்காமலே எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள்.

கணேசமூர்த்தி. வயது அறுபத்தெட்டு. இறந்தவர். இஸ்தோப்புத் திண்ணையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் தூணில் சாய்த்துவைத்து, முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

வீரம்மா மாலையைக் கீழே போட்டாள். அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சோப்பு நுரை அவளுடைய சேலையில் ஒட்டியது.

"நீ செத்துட்டியாம்ணே."

"யாரு சொன்னது?"

"போன்ல வந்திச்சு. படத்தக் காணோம், பேரு போட்டு வந்திச்சு. ஒம் பேரு, தோட்டத்துப் பேரு, டிவிசன், எம் பேருகூட இருக்கு. பொகவந்தலாவ பூரா தெரியும். நான் பஸ்ஸுக்குள்ளயே ஒப்பாரி வச்சிட்டேன்."

கணேசமூர்த்தி மீதிக் கன்னத்தையும் மழித்து முடித்தார். பிறகு துண்டால் துடைத்தார். முப்பத்தெட்டு வருடம் ஸ்டோரில் நின்ற மனிதர். எதையும் பாதியில் விடமாட்டார்.

"மாமா, குழி வெட்ட நாலு பேரு மம்பட்டியோட நிக்கிறாங்க. இப்ப என்னா செய்யச் சொல்றீங்க?" என்றார் மாயாண்டி.

"அவனுங்கள தேத்தண்ணி குடிக்கச் சொல்லு."

லிந்துலை ஆட்களில் ஒருவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் இருமி அதை மறைத்தார்.

இந்தச் சத்தம் கேட்டுத்தான் மகள் ஜெயந்தினி குசினியிலிருந்து வெளியே வந்தாள். கையில் ரொட்டி மாவு. வீரம்மா போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஒங்க கம்பனிதானடி இது? ஏண்டி, ஒங்கப்பன உசுரோட பொதச்சிட்டியே."

ஜெயந்தினி முதல் வரியை மட்டும் வாசித்தாள். மீதியை வாசிக்கத் தேவையில்லை. அதை எழுதியது அவள்தான்.

தொடரை இன்று புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. ஒன்பது வருடங்களுக்கு முன் கணேசமூர்த்தியின் மூத்த மகன் யோகேஸ்வரன் இந்த லயத்தை விட்டுப் போனான். தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிய மாட்டேன் என்றான். பதியாவிட்டால் காம்பரா கைவிட்டுப் போகும் என்றார் அப்பா. போகட்டும் என்றான். நான்கு வருடங்களுக்கு முன், கொரோனா ஊரடங்குக் காலத்தில், அவனுடைய அம்மா சண்முகவடிவு இறந்தாள். மகன் வரவில்லை. அன்றிலிருந்து அவனுடைய பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஜெயந்தினிக்கு இதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

கணேசமூர்த்தி தங்கையிடமிருந்து போனை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். உதடு அசைய அசைய வாசித்தார்.

"கருங்கல்மலைத் தோட்டம், கீழ்ப்பிரிவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கணேசமூர்த்தி அவர்கள் இன்று ஞாயிற்றுக்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்ற சண்முகவடிவின் அன்புக் கணவரும், ஜெயந்தினியின் பாசமிகு தந்தையும், வீரம்மாவின் அன்புச் சகோதரரும் ஆவார். இறுதிக் கிரியைகள் அன்னாரின் இல்லத்தில் நடைபெறும். தகவல், குடும்பத்தினர்."

வாசித்து முடித்ததும் மறுபடியும் மேலிருந்து பார்த்தார். எதையோ தேடுபவர் போல விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வந்தார்.

"பெரியவன் பேரு இல்ல" என்றார்.

ஜெயந்தினிக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"நீங்கதானப்பா சொன்னீங்க. அவரு பேர எங்கயும் எழுதக்கூடாதுன்னு."

"அது ஒங்கம்மாவுக்கு. அவளுக்கு வராதவன் பேரு அவ நோட்டீசுல எதுக்கு? இது என்னோடது. எனக்குக் கொள்ளிக்குடம் ஒடைக்கிறது யாரு? நீயா?"

"அண்ணே, நீதான் சாகலியே" என்றாள் வீரம்மா.

"சாகத்தான போறேன்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சவரப் பிளேடைக் கழுவப் போனார்.

லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும். ஜெயந்தினி மாவுக் கையோடு ஓடினாள். தாங்கியை அடைந்ததும் போன் நடுங்கத் தொடங்கியது. தவறிய அழைப்புகள் நாற்பத்தொன்று. அதில் பதினேழு, கூட வேலை பார்க்கும் நிஷாந்தியுடையவை.

"அக்கா!" நிஷாந்தி அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, அப்பா இருக்காங்களா?"

"இருக்காங்க. சவரம் பண்றாங்க."

மறுமுனையில் நிஷாந்தி மூக்கைச் சிந்தினாள்.

"நீங்க நேத்து அழுதுகிட்டே போனீங்கல்ல. அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு. காலைல லிந்துலையிலிருந்து ஒரு சாவு நோட்டீஸ் வந்திச்சு. ஒங்க புதுப் பட்டன அமுத்துனேன். அமுத்துனதும் ஒங்க அப்பா பேரு, தோட்டம், அம்மா பேரு, எல்லாம் வந்திச்சு. இன்னைக்குத் தேதியோட வந்திச்சு. நான் நெனச்சேன், ராத்திரி அப்பா போயிட்டாங்க, நீங்களே எழுதி வச்சிருக்கீங்க, போடுறதுக்கு மட்டும் கை வரலன்னு. அதான் நானே போட்டேங்க்கா. ஒங்களுக்கு செஞ்சதா நெனச்சித்தான் போட்டேன். பக்கத்துல எல்லாச் செய்திக்கும் மேலயே வச்சேன்."

ஜெயந்தினியால் அவளைத் திட்ட முடியவில்லை.

ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு மேசை, மூன்று கதிரை. 'சாரல்முரசு' இணையத்தளம் அவ்வளவுதான். ஆசிரியர் றொனால்ட். செய்தி அடிப்பவள் நிஷாந்தி. கணினி வேலை முழுவதும் ஜெயந்தினி. மலையகத்தில் யார் இறந்தாலும் இப்போது முதல் அறிவித்தல் அங்கேதான் வரும். நிஷாந்தி பழைய அறிவித்தலைப் பிரதி எடுத்து, பெயரை மாற்றிப் போடுவாள். சில நேரம் ஒரு வரி மாறாமல் தங்கிவிடும். போன மாசி மாதம் ஒரு கிழவருக்கு வேறொருவருடைய மனைவியைப் போட்டுவிட்டார்கள். அந்தக் குடும்பம் மருந்துக்கடைப் படியில் வந்து நின்று சத்தம் போட்டது.

அதற்குப் பிறகுதான் ஜெயந்தினி பொத்தான்களைச் செய்தாள். செய்தி எழுதும் பக்கத்தின் மேல் ஓரத்தில் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, படம், இணைப்பு என்று ஒரு வரிசைப் பொத்தான்கள் இருக்கும். எல்லாத் தளத்திலும் இருப்பவை. அந்த வரிசையின் கடைசியில் சொந்தமாக மூன்று சேர்த்தாள். மரக்கறி விலை. மண்சரிந்து மூடிய வீதிகள். கறுப்பு நாடா போட்ட ஒன்று. நாடாவை அமுக்கினால் அறிவித்தல் முழுவதும் விழும். பெயரையும் ஊரையும் உறவையும் நிரப்பினால் போதும். தேதியைப் பொத்தானே போட்டுக்கொள்ளும். அதில் அவளுக்குப் பெருமை.

செய்து பார்க்கும்போது ஒரு பெயர் தேவைப்பட்டது. 'பெயர் பெயர் பெயர்' என்று அடித்துப் பார்த்தாள். வரிகள் எப்படி மடியும் என்று தெரியவில்லை. பிறப்பிடம், வதிவிடம், துணை, பிள்ளை, சகோதரம் என்று எல்லா விபரமும் அவளுக்கு முழுதாகத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். மாதிரிக்கு அவரைப் போட்டாள். பிறகு அந்த மாதிரியை அழித்துக் கட்டங்களை வெறுமையாக்க வேண்டும். நிரப்பாமல் வெளியிட முடியாதபடி ஒரு பூட்டும் போட வேண்டும். இரண்டையும் சனிக்கிழமை பிற்பகல் செய்வதாக இருந்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் காளியாயியின் பேரனிடமிருந்து அழைப்பு வந்தது. அப்பாவுக்கு நெஞ்சு அடைக்குதாம்.

ஆஸ்பத்திரியில் சளி என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

லிந்துலை ஆட்கள் பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள். வந்தவர்களைச் சோறு போடாமல் அனுப்பக்கூடாது என்று கணேசமூர்த்தி பிடிவாதமாக நின்றார். காளியாயியும் வீரம்மாவும் பருப்பும் சோறும் ஆக்கினார்கள். எழவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. இங்கே எடுக்க எதுவும் இல்லை. வந்தவர்கள் இஸ்தோப்பில் வரிசையாக உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். தப்புக்காரர்களில் ஒருவர் போகும்போது, "கோவிச்சுக்காதீங்க, அண்ணே" என்று கணேசமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தியே. அதுவே போதும்" என்றார் கணேசமூர்த்தி.

வீரம்மா மட்டும் போகவில்லை.

"மதினி செத்தப்ப கர்ப்யூ. வர முடியல. பாதி வழியில பொலிசு திருப்பி அனுப்பிட்டான். இப்ப வந்துட்டேன், இருந்துட்டுத்தான் போவேன்" என்றாள்.

ஒரு மணிக்கு ஜெயந்தினி மறுபடியும் தாங்கிக்கு ஏறினாள். றொனால்ட் அறிவித்தலை எப்போதோ எடுத்துவிட்டார். ஆனால் அதைப் படம் பிடித்து அனுப்பியவர்களின் கைகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு இப்போது ஒரு திருத்தம் வேண்டும். ஜெயந்தினி தன் போனில் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

"தொழில்நுட்பத் தவறு காரணமாக இன்று காலை வெளியான..."

"நிப்பாட்டு" என்றார் றொனால்ட். "தொழில்நுட்பமா? பட்டன் தானா ஒங்கப்பா பேர எழுதிச்சா?"

"இல்ல, சேர்."

"அப்ப யாரு எழுதினது?"

"நான்தான், சேர்."

"அத எழுது. இல்லாட்டி எல்லாரும் நிஷாந்தின்னுதான் நெனப்பாங்க. அந்தப் புள்ள காலையிலருந்து தண்ணிகூடக் குடிக்கல. அப்புறம் அந்தப் பட்டன நாலு மணிக்கு முன்னால எடுத்துரு."

"சேர், அத எடுத்தா மறுபடியும் பழையத கொப்பி பண்ணித்தான் போடணும். மறுபடியும் பேரு மாறும்."

"மாறட்டும். அப்ப ஒரு வரி தப்பா போகும். இன்னைக்கு ஒரு முழு மனுசனயே அனுப்பிட்டோம்."

அவர் வைத்துவிட்டார். பொத்தானை எடுக்க மடிக்கணினி வேண்டும். அது வீட்டுக்குள் அலமாரியின் மேல் இருந்தது. இரண்டு மணிக்குள் இறங்கிப் போய் எடுத்து வரலாம் என்று நினைத்தாள். திருத்தத்தின் முதல் வரியை அழித்தாள். 'எனது' என்று தொடங்கினாள். அதற்கு மேல் ஓடவில்லை.

கீழே வளைவில் பஸ் நின்று போகும் சத்தம் கேட்டது.

ஒருவன் குறுக்குப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தான். தோளில் பை. மேலே ஏறுபவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். இவன் நிற்கவில்லை. தாங்கிக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் அவளைப் பார்த்தான்.

ஒன்பது வருடத்தில் அவனுக்கு முன்தலையில் வழுக்கை ஏறியிருந்தது. முழங்கைக்குக் கீழே பேக்கரி அடுப்பில் சுட்ட தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பையின் வாயில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. மடிப்புக் கலையாத புது வேட்டி.

"எங்க வச்சிருக்கீங்க?" என்றான் யோகேஸ்வரன்.

"அண்ணே..."

"வீட்லயா, இல்ல எடுத்துட்டீங்களா?"

"அப்பா சாகல, அண்ணே."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் சொன்னாள். பொத்தான், மாதிரி, நிஷாந்தி, எல்லாம். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாக இருந்தது. அவன் தாங்கியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டான். தண்ணீர் கசிந்து அவனுடைய கால்சட்டை நனைந்தது. எழுந்திருக்கவில்லை.

"ஆறரைக்குப் பாத்தேன்" என்றான். "கொழும்பு வத்தளையிலருந்து கண்டி பஸ், கண்டியிலருந்து ஹட்டன், ஹட்டன்லருந்து இது. வழி பூரா அத வாசிச்சிக்கிட்டே வந்தேன். அத்தை பேரு இருக்கு. ஒம் பேரு இருக்கு. செத்துப்போன அம்மா பேரு இருக்கு. நான்தான் இல்ல."

"மாதிரிக்குத்தான் எழுதினேன், அண்ணே."

"மாதிரிக்குக்கூட நான் வேணாமா?"

அவன் தோளிலிருந்து பையை இறக்கித் தரையில் வைத்தான்.

"அம்மாவுக்கும் இப்படித்தான். நாப்பது நாளு கழிச்சு நம்ம லயத்து தர்ஷன் கேக்குறான், ஏன்டா நீ வரலன்னு. அப்பத்தான் எனக்கே தெரியும். அடுப்புல பாண் தட்டு இருக்கு, அவன் போன்ல இருக்கான். தட்ட எடுக்க மறந்துட்டேன். நூத்தி இருபது பாண் கரிஞ்சிச்சு. அந்தக் கரி வாசத்துக்குள்ள நின்னுதான் எங்கம்மாவுக்கு அழுதேன். நீங்க ஒருத்தரும் சொல்லல."

ஜெயந்தினி தாங்கியின் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சொட்டிக்கொண்டிருந்தது.

"அவருதான் சொல்ல வேணாம்னு சொல்லியிருப்பாரு. எனக்குத் தெரியும். ஒன்னைய குத்தம் சொல்லல. அந்தாளு சொன்னா நீ என்னா செய்வ?" யோகேஸ்வரன் எழுந்தான். "உசுரோடதான இருக்காரு. இருக்கட்டும். ரெண்டரைக்கு பஸ் இருக்கா?"

இருந்தது.

அவன் அந்த பஸ்ஸில் போனால் எல்லாம் முன்பிருந்தபடியே இருக்கும். அப்பா அவனைக் குறைசொல்வார். அவன் அப்பாவைக் குறைசொல்வான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை. ஜெயந்தினியை யாரும் கேட்கப் போவதில்லை. நான்கு வருடம் அப்படித்தான் ஓடியது. இன்னும் அப்பா இருக்கும்வரை ஓடும். பிறகு ஒரு நாள் உண்மையாகவே ஓர் அறிவித்தல் வரும். அதிலும் அவன் பெயர் இருக்காது.

அவன் பையைத் தோளில் மாட்டி, இரண்டு எட்டு கீழே இறங்கிவிட்டான்.

"அண்ணே" என்றாள். "வீட்டுக்கு வாங்க."

"எதுக்கு?"

"வாங்க. ஒண்ணு சொல்லணும். ஒங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணா சொல்லணும். தனித்தனியா சொன்னா நான் மாத்திச் சொல்லிருவேன்."

 அவன் இறங்கிய இரண்டு எட்டையும் திரும்ப ஏறினான்.

கணேசமூர்த்தி இஸ்தோப்பில் அதே முக்காலியில் இருந்தார். வீரம்மா தரையில் உட்கார்ந்து, நசுங்கிய மாலையிலிருந்து நல்ல பூக்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள்தான் கண்டாள்.

"ஐயோ சாமி. யோகேசா!"

கணேசமூர்த்தி எழுந்திருக்கவில்லை. மகனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். வெள்ளை வேட்டியைப் பார்த்தார்.

"செத்தாத்தான் வருவியா?"

"இதுக்காவது சேதி வந்திச்சு" என்றான் யோகேஸ்வரன்.

"ஒங்கம்மாவுக்கும் சேதி வந்திச்சு. வரமாட்டேன்னு சொன்னவன் நீ."

"நான் சொன்னேனா?"

"சொன்னியே."

"யாருகிட்ட சொன்னேன்?"

கணேசமூர்த்தி  மெதுவாக மகளின் பக்கம் திரும்பினார்.

ஜெயந்தினி படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். தாங்கியிலிருந்து இறங்கும் வழி முழுவதும் எதை முதலில் சொல்வது என்று அடுக்கிக்கொண்டு வந்தாள். இப்போது அந்த அடுக்கு ஒன்றும் இல்லை.

"நான் அண்ணன்கிட்ட பேசவே இல்லப்பா."

அவள் படியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"பழைய நம்பருக்கு ரெண்டு தரம் எடுத்தேன். சிங்களத்துல ஒரு பொம்பள பேசினா, அப்படி ஆளு இல்லேன்னா. தர்ஷன்கிட்ட புது நம்பர் இருந்திச்சு. கேட்டிருக்கலாம். அந்த நேரம் சுகாதாரத்துலருந்து பீஎச்ஐ மாத்தயா வாசல்ல நிக்கிறாரு. நாலு மணிக்குள்ள எடுங்க, இல்லாட்டி நாங்க எடுக்குறோம்னு சொல்லிக்கிட்டு நிக்கிறாரு. நீங்க பொட்டிய தூக்கவே விடல. பெரியவன் வரட்டும், பெரியவன் வரட்டும்னு அம்மா கால்மாட்டுல உக்காந்திருந்தீங்க. அவங்க வந்து பலாத்காரமா எடுத்துருவாங்கன்னு பயந்துட்டேன். அதான் சொன்னேன். பேசிட்டேன், வரமாட்டேன்னு சொல்லிட்டாருன்னு. அத சொன்ன ஒடனே நீங்க எந்திரிச்சிட்டீங்க."

வீரம்மாவின் கையில் இருந்த பூ அப்படியே இருந்தது.

"அன்னைக்கே சாயங்காலம் தர்ஷன்கிட்ட கேட்டுப் பேசணும்னு நெனச்சேன். அடுத்த நாள்னு தள்ளுனேன். அடுத்த வாரம்னு தள்ளுனேன். பொறவு எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. தர்ஷனும் கத்தார் போயிட்டான்."

யோகேஸ்வரன் தங்கையைப் பார்க்கவில்லை. அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் இடது கன்னத்தில், காதுக்குக் கீழே, காலையில் பிளேடு தவறவிட்ட ஒரு கீற்று நரைமயிர் நின்றது.

கணேசமூர்த்தி கேட்டபோது குரல் தாழ்ந்திருந்தது. கோபம் இருப்பதாகவே தெரியவில்லை.

"எத்தன மணி இருக்கும் அப்ப?"

"மூணு, மூணேகால் இருக்கும்."

"கொழும்புலருந்து கர்ப்யூவுல எவனும் நாலு மணிக்கு வந்து சேர மாட்டான். அது எனக்குத் தெரியாதா? நான் ஸ்டோர்ல நின்னவன். நேரம் பாக்கத் தெரியாதவனா?"

"தெரியும்ப்பா."

"வர முடியலன்னு சொல்லியிருந்தாலும் நான் பொட்டிய தூக்கியிருப்பேன். அது போதும் எனக்கு. வரமாட்டேன்னு ஏன் சொன்ன?"

இந்தக் கேள்வியை அவளே தனக்குள் கேட்டதில்லை. நான்கு வருடமாகப் பொய் சொன்னதைப் பற்றித்தான் நினைத்திருக்கிறாள். எந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தாள் என்று நினைத்ததில்லை. இரண்டுமே ஒரே வேலையைச் செய்திருக்கும். 'வர முடியல' அண்ணனுக்குக் கதவைத் திறந்தே விட்டிருக்கும். 'வரமாட்டேன்' அவனை வெளியே தள்ளிக் கதவை அடைத்தது. அவள் இரண்டாவதைத்தான் எடுத்தாள். அன்று அவளுக்கு அண்ணன்மேல் கோபம் இருந்தது. அப்பா ஸ்டோரிலிருந்து ஓய்வு பெற்றிருந்ததால், ஐந்து வருடம் காம்பராவைக் காப்பாற்ற அம்மா ஒருத்தியே முழுநாள் கூலிக்கு முழுப்பேர் போட்டுக் கொழுந்து கிள்ளினாள். இடுப்பு வலியோடு கிள்ளினாள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தது ஜெயந்தினி. அந்தக் கோபம் உண்மை. ஆனால் அதை இப்போது சொன்னால் அது காரணமாக இருக்காது. சாக்காக இருக்கும்.

"தெரியலப்பா" என்றாள்.

"தெரியும் ஒனக்கு."

அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். இருமல் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டார். யோகேஸ்வரன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். கணேசமூர்த்தி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். இருமல் அடங்கியது.

"நாலு வருசமா தெவசத்துக்கு ஒருத்தனும் வரல. நானே எள்ளுத்தண்ணி விட்டேன். ஒவ்வொரு வருசமும் இவனத் திட்டிக்கிட்டே விட்டேன். அவளுக்கு விடுற தண்ணியில இவனத் திட்டுறேன்." வீரம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். "என்னா மனுசன் நான்?"

"அண்ணே, புள்ள பயந்து செஞ்சிருச்சு" என்றாள் வீரம்மா.

"அன்னைக்கு பயந்திச்சு. சரி. மத்த நாளெல்லாம்?"

வீரம்மா மறுபடியும் பூக்களைப் பிரிக்கத் தொடங்கினாள்.

கணேசமூர்த்தி மகனுக்கு அருகே வந்தார். அவனுடைய தோளிலிருந்து பையைக் கழற்றினார். பைக்குள் தள்ளியிருந்த வேட்டியின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். கடையில் துணி பார்ப்பவர் போல.

"நல்ல வேட்டி."

"ஹட்டன்ல வாங்கினேன்" என்றான் யோகேஸ்வரன். 

"உள்ள வா."

யோகேஸ்வரன் தயங்கினான். பிறகு வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்தான். ஒன்பது வருடத்தில் அந்தப் பழக்கம் போகவில்லை. இருட்டுக்குள் அவன் மறைந்தான். சண்முகவடிவின் படம் உள்ளே, நேர் எதிர்ச் சுவரில் இருக்கிறது. காலடிச் சத்தம் ஓய்ந்ததில் அவன் அதன் முன் நிற்பது தெரிந்தது.

ஜெயந்தினி ஒரு படி ஏறினாள்.

"அப்பா, என்னோட லெப்டொப் உள்ள இருக்கு. நாலு மணிக்குள்ள..."

சொல்லி முடிக்கும் முன்பே அது எவ்வளவு தவறான வார்த்தை என்று விளங்கியது.

கணேசமூர்த்தி வாசலில் நின்று அவளைப் பார்த்தார். காலையில் போனில் தன் மரணத்தை வாசித்தபோது பார்த்த அதே பார்வை. மேலிருந்து கீழாக, வரி வரியாக. எதையோ தேடி, அது அங்கே இல்லை என்று கண்டுகொண்டவர் போல.

பிறகு உள்ளே திரும்பினார். பலகைக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு, இரவில் மட்டும் போடும் இரும்புப் பட்டையை இழுத்து அவர் குறுக்கே மாட்டும் சத்தம் கேட்டது.